நாலாவது கை

யாளிக்கொட்டில், மேல்மாடி
மழை மாதம், 6-ஆம் நாள்

அன்புள்ள பெரியக்காவுக்கு,

சின்னவள் எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். எழுதிவிட்டேன். இனி இதை உட்கார்ந்து படி. மாமாவைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்.

நடு அக்கா போய்விட்டாள். நான்கு நாளாகிறது.

ஆற்றங்கரை ஊர்கள் மகாராணியின் கொடியை இறக்கிவிட்டன என்று யாளிப்படையை அனுப்பினார்கள். மேலிருந்து எண்ணெய் ஊற்றிக் கொளுத்த உத்தரவு. நாற்பது யாளிகள் பறந்தன. கூரைகளுக்கு மேலே போனதும் நடு அக்கா தன் யாளி முரடியைத் திருப்பிவிட்டாள். “கீழ கொடியில துணி காயுது. ஆளுங்க இருக்காங்க. நான் ஊத்த மாட்டேன்” என்றாளாம். மற்றவர்கள் ஊற்றினார்கள். அவள் தனியாகத் திரும்பி வந்தபோது நம் மதில் மேலிருந்தே அம்பு விட்டார்கள். முரடி அவளைக் கீழே நழுவ விடாமல் மதிலடி வரை கொண்டுவந்து இறக்கிவிட்டு, அங்கேயே படுத்துக்கொண்டது. இதுவரை தீனி எடுக்கவில்லை.

துரோகிக்கு மண் கிடையாது என்று முரசு அறைந்துவிட்டார்கள். உனக்குத் தெரியாததில்லை, எழுதினால்தான் எனக்கே உறைக்கிறது. செத்தவளுக்கு நான் இன்ன உறவு என்று வாய்விட்டுச் சொல்லி, உறவுக்காரர் ஒருவர் ஒரு பிடி மண் போட வேண்டும். நூறு நாளுக்குள் போடவில்லை என்றால், நூறாம் நாள் சூரியன் இறங்கும்போது செத்தவள் எழுந்து நடந்து மதிலுக்குள் போய்விடுவாள். அப்புறம் காலம் முழுக்கக் காவல்தான். மதில் நிழலில் கிடக்கும் உடல் அதற்காகவே அழுகாமல் காத்திருக்கும். மகாராணி இந்த மதிலை இப்படித்தான் உயர்த்தினாள். பாதி கல், பாதி ஆள்.

நடு அக்காவுக்கு உறவென்று உலகத்தில் மூன்றே கைகள். என் கை, உன் கை, கட்டிக்கொடுத்த வழியில் மாமா கை. மூன்றையும் எண்ணிச் சொல்லித்தான் முரசு அறைந்தார்கள். எந்தக் கை நீண்டாலும் ஆயுள் முழுக்க மதிலடி அறை.

தளபதிதான் வந்து சொன்னாள். ஊருக்கு அவள் மகாராணியின் ஒரே மகள். எனக்கு யார் என்று உனக்குத் தெரியும். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் படியேறி வந்து, தீனிக்கூடைமேல் உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்றிவிட்டு அப்புறம்தான் நான் அழுதேன். வரிசை மாறிவிட்டது.

உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
சின்னவள்


துறைமுகம், பாய் தைக்கும் கூடம்
மழை மாதம், 17-ஆம் நாள்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

பெரியக்காவின் ஆசி. இங்கே நானும் மாமாவும் சுகம். மழையில் அவருக்குக் கால்வலி கூடியிருக்கிறது, கோல் இல்லாமல் வாசல் வரைகூட முடியவில்லை. உன் கடிதம் வந்தது. உறையின் அரக்கு இரண்டு முறை உருகியிருந்தது. இந்த மழையிலும் வழியில் வெயில் அதிகம் போலிருக்கிறது.

படித்தபோது கப்பலுக்கான புயல்பாய் ஒன்றுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். ஊசி உள்ளங்கையில் ஏறியதை மாமா சொல்லித்தான் பார்த்தேன். வேறென்ன எழுத. நான்தான் அவளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தேன். நடக்க வந்ததும் ஓட ஆரம்பித்தாள், சொன்ன பேச்சைக் கேட்கிற பழக்கம் அன்றைக்கே கிடையாது.

மகாராணி நமக்குத் தாய் மாதிரி. பெரியவர்கள் முடிவு செய்ததில் நாம் தலையிடக் கூடாது. நீ ஒன்றும் செய்துவைக்காதே. கேட்கிறதா? ஒன்றும் செய்யாதே.

கொட்டில் தலைவி நலமா? தீனிக்காரியின் முட்டிவீக்கம் வடிந்ததா? முரடிக்கு வெல்லத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தீர்களா? உன் மேல்மாடி ஜன்னலில் விரிசல் இருந்ததே, அடைத்தாயா? எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

குளிரில் நிற்காதே. இப்படிக்கு,
பெரியக்கா


மதிலடி அறை
மழை மாதம், 28-ஆம் நாள்

அன்புள்ள பெரியக்காவுக்கு,

சின்னவள் வணக்கம். இதைத் தபாலில் போடவில்லை, படகுக்காரி கையில் கொடுத்தனுப்புகிறேன். யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள். மனம்விட்டு எழுதலாம், நீயும் எழுது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே செய்துவிட்டேன். வந்திருந்தாலும் செய்திருப்பேன்.

அக்கா போய் இருபதாம் நாள், நடு மத்தியானம். காவலர்கள் சாப்பிடக் கை கழுவும் நேரம். முரடிக்குத் தீனி வைக்கப் போவதாகச் சொல்லி, கூடையும் மணல் இழுக்கும் வாரியுமாகப் போனேன். “உன் தங்கை போடுற மண்ணு இது” என்றேன். ஒரு பிடி போட்டேன். அதோடு நிறுத்திக்கொண்டு வந்திருக்கலாம். காக்கை கொத்தக் கூடாதே என்று கூடை கூடையாக மணல் அள்ளி உடம்பு முழுக்க மூடினேன். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கடைசியில் கை தன் வேலையைக் காட்டிவிட்டது.

கொட்டிலில் சாயங்காலம் மணலை வாரியால் வளைவளைவாக இழுத்துவிட்டு வருவோம். காலையில் தடத்தைப் பார்த்தே யாளி புரண்டதா, எழுந்து நடந்ததா என்று சொல்லிவிடலாம். பதினாலு வருஷப் பழக்கம். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, அக்காமேல் போட்ட மணலையும் வாரி இழுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒவ்வொருத்தி வளைவும் ஒரு மாதிரி இருக்கும். என்னுடையது இடப்பக்கம் சாயும்.

மகாராணியே வந்து பார்த்தாள். கொட்டிலில் இருக்கும் இருபது பேரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு பாத்தி மணல் வாரச் சொன்னாள். இருபது பேரும் இடப்பக்கம் சாய்த்தே வாரினார்கள். யாரும் யாரிடமும் பேசிவைக்கவில்லை. தலைவிக்கு முதுகு வளையாது, அவள்கூடக் குனிந்து சாய்த்து வாரினாள். மகாராணி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இருபது பேரையும் சவுக்கால் அடி என்றாள். அதற்குமேல் நான் பேசாமல் இருக்கவில்லை. “எல்லாரையும் எதுக்கு வதைக்கறீங்க? நான்தான்” என்று முன்னால் போனேன்.

மண் போட்ட கையே அதைத் திரும்ப அள்ளினால் அந்தக் கைக்கு அப்புறம் அந்தப் பிணத்தின்மேல் உரிமை கிடையாது. அதுவும் உனக்குத் தெரியும். நான்கு பேர் என் மணிக்கட்டைப் பிடித்து, விரலை விரித்து, என் கையாலேயே அள்ள வைத்தார்கள். கடித்தேன், உதைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அக்காவைப் பொறுத்தவரை என் கை செத்துவிட்டது.

தளபதி தன் அம்மா காலில் விழுந்தாள். “அவ்வளவு பாசமா? சரி, நூறு நாள் முடியற வரைக்கும் இந்தப் பொணத்துக்கு நீயே காவல் நில்லு” என்று மகாராணி உத்தரவு போட்டுவிட்டாள். சோதிக்கிறாளாம்.

மிச்சம் இருப்பது நீ. மாமா அந்தக் காலை வைத்துக்கொண்டு வர முடியாது. வா, அக்கா.

இப்படிக்கு,
சின்னவள்


துறைமுகம்
பனி மாதம், 12-ஆம் நாள்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

ஆசி. இங்கே சுகம். நீ எழுதியது வந்தது. நான் தபாலிலேயே எழுதுகிறேன், ஒளிக்க நமக்கு ஒன்றும் இல்லை.

நீ செய்தது தப்பு. மகாராணி உன்னை உயிரோடு விட்டதற்கு நன்றி சொல். எனக்கு வீடு இருக்கிறது, நடக்க முடியாத மனுஷன் இருக்கிறார், முடிக்க வேண்டிய பாய்கள் இருக்கின்றன. எனக்கு இருமல் வேறு விட்டபாடில்லை. பத்து நாள் ஆற்றுப்பயணம் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

மணிக்கட்டுக்கு எண்ணெய் போட்டு நீவிவிடு. தீனிக்காரிதான் உனக்குக் கஞ்சி கொண்டுவருகிறாள் என்று அறிந்தேன், அவளைக் கேட்டதாகச் சொல். முரடி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
பெரியக்கா


மதிலடி அறை
பனி மாதம், 24-ஆம் நாள்

பெரியக்காவுக்கு,

சுகம்தான். கல்லுக்குள் இருப்பவளுக்கு என்ன குறை. இதுவும் படகுக்காரி கையில்தான் வருகிறது.

இந்த அறையின் ஒரு சுவர் மதில். காதை வைத்தால் உள்ளே ஆட்கள் கால் மாற்றி நிற்கும் சத்தம் கேட்கிறது. முப்பது வருஷமாக நிற்கிறவர்கள். நூறாம் நாளுக்குப் பிறகு அதில் ஒரு காலடி யாருடையது என்று எனக்குத் தெரியும். நடு அக்கா வலது காலை லேசாக இழுத்து நடப்பாளே. அதைக் கேட்டுக்கொண்டு நான் இங்கே கஞ்சி குடிக்க வேண்டும். உனக்கு இருமல்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஏழு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்தது. நீ ஒரே ஒரு முறை என் மேல்மாடிக்கு வந்தாய். கட்டில் ஒன்று, தலையணை இரண்டு. “கட்டில் சின்னதா இருக்கே, ரெண்டு பேருக்கும் சிரமமா இல்லையா?” என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல்திரையை எடுத்து வைத்துக்கொண்டு கிழிசல் தைக்க உட்கார்ந்துவிட்டாய். அன்றிலிருந்து உன் கடிதங்களில் கொட்டில் தலைவியைக் கேட்கிறாய், தீனிக்காரியின் முட்டியைக் கேட்கிறாய், யாளியைக் கேட்கிறாய், ஜன்னலின் விரிசலைக்கூடக் கேட்கிறாய். அவளைக் கேட்டதில்லை.

அவள் தினமும் மைதானத்தில் நிற்கிறாள். அம்மா மாடத்திலிருந்து பார்க்கிறாள் என்று தெரிந்தே நிற்கிறாள். வெயில் ஏறினால் தன் கேடயத்தை நடு அக்கா முகத்துக்கு நிழலாகப் பிடிக்கிறாள். தீனிக்காரி வந்து சொல்கிறாள். நீ பாதுகாப்பாகப் பாய் தைக்கிறாய். உன் தங்கைக்குக் குடை பிடிப்பவளை “நலமா” என்று ஒரு வரி கேட்க உனக்குப் பயம்.

வருவாயா, மாட்டாயா? ஒரு வார்த்தை போதும். பயம் என்றால் பயம் என்று எழுது. இருமல் என்று எழுதாதே.

சின்னவள்


துறைமுகம்
காற்று மாதம், 20-ஆம் நாள்

மதிலடி அறையில் இருக்கும் பெண்ணுக்கு,

துறைமுகத்துப் பாய்க்காரி எழுதுவது.

நீ இனி எனக்கு எழுத வேண்டாம். எனக்குத் தங்கை என்று யாரும் இல்லை. ஒருத்தி துரோகம் செய்து செத்தாள், ஒருத்தி அவளுக்காகக் கெட்டாள். அந்தத் தளபதிப் பெண்ணோடு உனக்கு இருக்கும் பழக்கத்துக்கும் என் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நான் இருமலோடு படுத்த படுக்கையாக இருக்கிறேன். இதை எழுதுவதே சிரமம். என்னை நிம்மதியாக இருக்கவிடு.

பாய்க்காரி


துறைமுகம்
காற்று மாதம், 27-ஆம் நாள்

அன்புள்ள சின்னவளுக்கு,

மாமா எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, துணியில் அளவுக்குறி போடத்தான் வரும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே கால்வலி உண்டு, மற்றபடி சுகம். படகுக்காரியிடம் கொடுத்திருக்கிறேன். அவள் வழியில் யார் யாரையோ இறக்கிவிட்டுத்தான் வருவாள், எப்போது உன் கைக்குக் கிடைக்குமோ.

இருபதாம் தேதியிட்ட ஒரு கடிதம் உனக்கு வந்திருக்கும். அதைத் தபாலில் போட்டவன் நான். போட்டுவிட்டு வந்ததிலிருந்து மனசு சரியில்லை. அதைப் படித்து நீ என்ன பாடுபடுவாய் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. போடாதே என்று எனக்கே தோன்றியது. ஆனால் சொன்னபடி அந்தத் தேதியில் போடாவிட்டால் என் தோலை உரித்துவிடுவதாக உத்தரவு.

எதிரே கயிற்றுக்கடையில் இரண்டு பேர் ஒன்றரை மாதமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கயிறு வாங்குவதில்லை. நான் தினமும் இரண்டு தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போகிறேன். இரண்டையும் நானே தின்றுவிட்டு வருகிறேன். உள்ளே இருந்தபடி நானே பெண்குரலில் இருமிக்கொள்கிறேன். இந்த வயசில் இந்தக் கூத்து. தொண்டை நிஜமாகவே புண்ணாகிவிட்டது.

உன் அக்காவுக்குக் குளிர் ஆகாது. கம்பளியை எடுத்துக்கொண்டுதான் போனாளா என்று பார்க்காமல் விட்டுவிட்டேன். அதுதான் கவலை.

தைரியமாக இரு. படித்ததும் தீனிக்காரியிடம் கொடுத்து, கஞ்சிப்பானைக்கு அடியில் இருக்கும் நெருப்பில் போடச் சொல்லிவிடு.

மாமா


மதிலடி அறை, உனக்கு அடுத்தது
தளிர் மாதம், 14-ஆம் நாள்

என் அன்புச் சின்னக்குட்டிக்கு,

பெரியக்கா ஆசி. இந்தக் கடிதத்துக்குத் தபாலும் வேண்டாம், படகுக்காரியும் வேண்டாம். உனக்கும் எனக்கும் நடுவே ஒரு கல்தான். தீனிக்காரி இரண்டு எட்டு வைத்தால் போதும்.

முதலில் உன் மாமா எழுதியதைப் பற்றி. முந்தாநாள் சாயங்காலம்தான் உனக்குக் கிடைத்ததாமே, எல்லாம் முடிந்த பிறகு. அந்த இருபதாம் தேதிக் கடிதத்தை நான் எட்டாம் தேதியே எழுதி வைத்துவிட்டுப் படகேறிவிட்டேன். நான் வீட்டிலேயே கிடக்கிறேன் என்று கடிதம் பிரித்துப் படிக்கிறவர்கள் நம்ப வேண்டும். அவர்கள் நம்புகிறமாதிரி எழுத வேண்டுமென்றால் நீயும் நம்புகிறமாதிரி எழுதத்தான் வேண்டும்.  உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் மறுபடியும் தேவைப்பட்டால் எழுதுவேன். இருமலும் பொய்தான்.

நீ இருபதாம் நாள் அவசரப்பட்டாய். போட்ட மண்ணை அள்ள வைக்க அவர்களுக்கு எண்பது நாள் மிச்சம் இருந்தது. அதனால் நூறாம் நாள், சூரியன் இறங்கும் நேரத்துக்குப் போவது என்று முடிவு செய்தேன். அதற்கப்புறம் யாரும் எதையும் அள்ள முடியாது.

நூறாம் நாள் மகாராணி மைதானத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்து பார்ப்பாளாம். பந்தல் தைக்க ஆள் எடுத்தார்கள். பாய் தைக்கிறவளுக்குப் பந்தல் எம்மாத்திரம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு பத்தொன்பது நாள் தைத்தேன். கயிறு கோக்கும் துணிக்காதுகளுக்கு இரட்டைத் தையல் போட வேண்டும். நான் ஒற்றைத் தையல் போட்டு, அதிலும் முடிச்சுப் போடாமல் விட்டேன். என் ஆயுளில் இவ்வளவு மோசமாக நான் தைத்ததே இல்லை. மேஸ்திரி வந்து பார்த்து, “துறைமுகத்து வேலை நேர்த்தியே தனிதான்” என்று மெச்சிவிட்டுப் போனார்.

முந்தாநாள் காற்று நன்றாக அடித்தது. சூரியன் மதிலைத் தொட்டபோது நடுவளின் கால்விரல் அசைய ஆரம்பித்தது. சின்னக்குட்டி, அதை நீ பார்க்காமல் போனது நல்லது. நான் ஒரு கயிற்றை இழுத்தேன். பந்தல் மொத்தமும் மகாராணி, மந்திரி, முரசுக்காரன் எல்லார் தலையிலும் இறங்கியது. உள்ளே இருந்து கேட்ட சத்தத்தை உன் மாமாவுக்கு நடித்துக் காட்ட வேண்டும். நான் ஓடினேன். நாற்பத்தாறு வயசில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் மண்ணோடு ஓடினேன்.

மூன்று அடிதான் பாக்கி. மகாராணியின் மெய்க்காப்பாளர்கள் பிடித்துவிட்டார்கள். கையை முறுக்கி, மண்ணைக் கொட்ட வைத்தார்கள். மகாராணி துணிக்குள்ளிருந்து கலைந்த தலையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். “மூணு கையும் முடிஞ்சுது. உட்காருங்க, பாக்கலாம்” என்றாள்.

நடுவள் முழங்கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை.

அப்போது தளபதி கேடயத்தைக் கீழே போட்டாள். என் கையிலிருந்து சிந்திய மண்ணைக் குனிந்து அள்ளினாள். மகாராணி கத்தினாள்: “உனக்கும் அவளுக்கும் என்ன உறவு? உறவு சொல்லாம போட்டா அது வெறும் மண்ணு.”

அவள் பிடித்த மண்ணோடு நின்றாள். “நான் உனக்கு…” என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அண்ணன் மனைவிக்குச் சொல் இருக்கிறது, தம்பி மனைவிக்கு இருக்கிறது, தங்கை புருஷனுக்கு இருக்கிறது. அவளுக்கு யாரும் ஒரு சொல் கொடுத்து வைக்கவில்லை. ஏழு வருஷமாக நான் கொடுக்கவில்லை. அவள் பேச்சு கடிதத்தில் வந்தால் படிக்கிறவர்களால் ஆபத்து என்று இந்த மூன்று மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு முந்தின ஏழு வருஷம் யார் படித்தார்கள்? எனக்கு வெட்கம். ஊர் கேட்டால் என்ன சொல்வது என்கிற வெட்கம். அது ஒன்றுதான்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். உன்னை மாதிரி முறைத்துக் கேட்கிற பார்வை இல்லை. எதிர்பார்ப்பே இல்லாத பார்வை. அதுதான் என்னைக் குத்தியது.

இரண்டு பேர் என் கையைப் பிடித்திருந்தார்கள். வாயைப் பிடிக்கவில்லை. “எங்க வீட்டு மருமக” என்று கத்தினேன். “சின்னவளைக் கட்டினவ. எங்க அம்மா அப்பா இருந்தா அவங்க சொல்லியிருப்பாங்க. அவங்க இல்ல, பெரியவ நான் சொல்றேன். இவ எங்க வீட்டு மருமக. போடும்மா.”

“உன் வீட்டு மருமக போடுற மண்ணு இது” என்று சொல்லி அவள் போட்டாள்.

மண் விழுந்ததும் நடுவள் மெதுவாகப் படுத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். எல்லோரையும் போலச் சாதாரணமாகச் செத்துப்போனாள். மகாராணி ஒத்துக்கொள்ளாததை அந்த மண் ஒத்துக்கொண்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், என்னைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டுவிட்டார்கள்.

மகாராணி தன் மகளை அறைந்தாள். அவள் கன்னத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. “நீங்க எத்தனை பேரை மண்ணில்லாம நிறுத்தியிருக்கீங்க, அம்மா. உங்களுக்கு நான் மண் போட மாட்டேன்” என்று படை முழுக்கக் கேட்கச் சத்தியம் செய்தாள். பிறகு அவளே வாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இங்கே நடந்து வந்தாள்.

எனக்கு எதிர் அறையில்தான் இருக்கிறாள். காலையில் கதவு இடுக்கு வழியாகப் பேசினோம். கன்னம் வீங்கியிருக்கிறது, பசி இருக்கிறது, உன்னைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கட்டில் சின்னது என்பதை அவளும் ஒத்துக்கொள்கிறாள்.

உன் பெரியக்கா


மதிலடி அறை
தளிர் மாதம், 20-ஆம் நாள்

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் எழுதிக்கொண்டது. இங்கே நான், என் பெரியக்கா, உங்கள் மகள் மூவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். பந்தல் கழி பட்ட இடத்தில் தோள்வலி இருப்பதாகத் தீனிக்காரி சொன்னாள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கொடுத்தனுப்பிய காகிதம் வந்தது. “எனக்கும் தளபதிக்கும் எந்த உறவும் இல்லை” என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மூன்று பேருக்கும் விடுதலை, அக்காவும் துறைமுகம் போகலாம். உறவை எழுதி மறுத்தால் அந்த உறவில் விழுந்த மண் செல்லாது. என் நடு அக்கா எழுந்து உங்கள் மதிலுக்கு நடந்துவிடுவாள். எங்களை ஏன் இன்னும் கொல்லவில்லை என்றும் புரிந்தது. செத்தவள் கையெழுத்துப் போட மாட்டாள்.

கொட்டில்காரிகள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். யாளிகள் பறக்கவில்லையாம். ஆற்றங்கரை ஊர்களில் மறுபடி துணி காய்கிறதாம். மதிலில் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் மண்ணோடு வந்து மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறார்களாம். முப்பது வருஷம் பிந்திய மண்ணை மதில் ஏற்குமா ஏற்காதா என்று யாருக்கும் தெரியவில்லை. போட்டுப் பார்க்கிறோம் என்கிறார்களாம். நேற்று மத்தியானம் என் சுவருக்குள்ளே ஒரு காலடி நின்றுபோனது. எனக்குத் தெரிந்தவரை அது திரும்பக் கேட்கவில்லை.

நீங்கள் எண்ணிக்கையில் கெட்டிக்காரி. என் அக்காவுக்கு மூன்று கை என்று எண்ணி முரசு அறைந்தீர்கள், நாலாவதை மட்டும் விட்டுவிட்டீர்கள். இப்போது உங்கள் கைகளை எண்ணிப் பாருங்கள். கூடப்பிறந்தவர்கள் யாரையும் நீங்கள் மிச்சம் வைக்கவில்லை. பெற்றது ஒரே மகள். அவள் உங்களுக்கு மண் போட மாட்டேன் என்று ஊரறியச் சத்தியம் செய்துவிட்டாள். அவள் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, மாற மாட்டாள்.

அவளை விட்டால் உங்களுக்கு உறவென்று இந்த உலகத்தில் இருப்பவள் நான் ஒருத்திதான். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து அள்ள வைத்தது என் அக்காவின் மண்ணை. உங்களுக்கு மண் போட என் கைக்கு உரிமை இன்னும் இருக்கிறது. நான் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதுவும் போய்விடும். அப்புறம் உங்கள் நூறாம் நாளில் நீங்களே எழுந்து, உங்கள் மதிலுக்கு நடந்துபோய், நீங்கள் நிறுத்தி வைத்தவர்கள் நடுவில் நிற்க வேண்டும். அவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எத்தனை முறை அனுப்பினாலும் இப்படித்தான் வரும். அந்த மண் என் அக்காவுடையது, உறவு என்னுடையது, இரண்டிலும் உங்களுக்குப் பங்கு கிடையாது. உங்கள் நாள் வரும்போது நான் வருவேன். வந்து, இன்ன உறவு என்று சத்தமாகச் சொல்லித்தான் போடுவேன். அப்போது உங்களால் மறுத்துப் பேச முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்